அய்யனார் எல்லையும் ஒரு சொம்புக் கள்ளும்

வள்ளியம்மாள் ஊரில் எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் ஒரே கேள்வியில் ஜெயித்துவிடுவாள். "எங்க வூட்டுக்காரரு மயிலம் முருகன் சந்நிதியில சூடம் அடிச்சவரு. உங்க வூட்டுல யாராவது அடிச்சிருக்காங்களாடி?" அதோடு எதிர்த்து நின்றவர்கள் முந்தானையை உதறிக்கொண்டு போய்விடுவார்கள்.

சூடம் அடிப்பது என்றால் சும்மாவா? எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை அறைந்து அணைக்க வேண்டும். 'சாராயத்தையும் பிராந்தியையும் இனி இந்தக் கை தொடாது' என்று சாமி முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பச்சையப்பன் சொன்னார். சொன்ன சொல்லை எட்டு வருசமாகக் காப்பாற்றியும் வந்தார். மண்ணாடிப்பட்டுப் பக்கத்தில் இரண்டு காணி கரும்பு, கொஞ்சம் நெல், வாய் நிறைய பேச்சு. இதுதான் அவர் சொத்து.

அந்த மனிதர் கரும்பு ஏற்றிய டிராக்டர் மேலிருந்து கால் தவறி விழுந்துவிட்டார். கணுக்கால் எலும்பு நொறுங்கிப்போனது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூன்றாம் நாள் காலையில் பிளேட் வைக்க நாள் குறித்தார்கள். முந்தின நாள் சாயங்காலம், மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்க நர்ஸ் சோபனா வார்டுக்கு வந்தாள்.

சோபனாவுக்கு ஊர் வில்லியனூர் பக்கம், மாதா கோயில் தெருவுக்குப் பின்னால். ஆப்பரேஷன் தியேட்டருக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

"ஐயா, சக்கரை, பிரஷர் இருக்கா?"

"ஒண்ணும் இல்ல தங்கச்சி. இரும்பு ஒடம்பு."

"தெனம் மாத்திரை எதுனா சாப்பிடறீங்களா?"

"மாத்திரையே முழுங்க வராது எனக்கு. தொண்டையில நிக்கும்."

"குடிப்பழக்கம்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் வள்ளியம்மாள் முந்திக்கொண்டாள். "இன்னாம்மா இப்படிக் கேட்டுட்ட? மயிலத்துல சூடம் அடிச்சவரு இவரு!"

சோபனா சிரித்துவிட்டாள். கூட வந்திருந்த மயக்க மருந்து டாக்டர் கல்பனாவும் சிரித்தார். சிரித்தபடியே பச்சையப்பனின் கழுத்தைப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், விரித்த விரல்கள் லேசாக நடுங்குவதையும் பார்த்தார். "தூக்கம் வருதா?" என்று கேட்டார்.

"வலியில எங்க தூங்கறது டாக்டரம்மா? ரெண்டு நாளாக் கண்ணு மூடல."

கிளம்பும்போது வள்ளியம்மாள் சோபனாவின் கையைப் பிடித்தாள். "இந்த ஆசுபத்திரி நம்ம எல்லைக்குள்ளதான இருக்குது?"

"இன்னா எல்லைக்கா?"

"இல்ல, சும்மாதான் கேட்டேன். அவருக்கு எல்லை தாண்டுனா ஆவாது."

பாண்டிச்சேரி எல்லையைப் பற்றித்தான் தெரியுமே. பாதி வயல் இங்கே, மீதி வயல் அங்கே என்று கிடக்கும். ஏதோ ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை விவகாரம் என்று நினைத்து, "உள்ளதான் இருக்குக்கா, கவலப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள் சோபனா.

டாக்டர் கல்பனாவிடம் சோபனாவுக்கு ஒரு பிரியம், பிரியத்தோடு கூடிய ஒரு பிரமிப்பு. அறுக்கிற டாக்டர் பெயர் ஊருக்கெல்லாம் தெரியும். அறுக்கும்போது உயிரைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டில் நிற்கிறவர் பெயர் யாருக்குத் தெரிகிறது? அவர் கொடுக்கிற மருந்தே அவரை மறக்கடித்துவிடுகிறதே!

மிடசோலம் என்று ஒரு மருந்து. பார்த்தால் பச்சைத் தண்ணீர்தான். தியேட்டருக்குள் வந்து உதறிக்கொண்டு படுத்திருப்பவர்களுக்கு அதில் துளி ஏற்றினால் போதும், பயம் மட்டும் கழன்றுபோகும். ஆள் இருப்பார். கூப்பிட்டால் 'ம்' என்பார், கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவார். ஆனால் அப்புறம் கேட்டால் ஒன்றும் நினைவிருக்காது. அது வலியைப் போக்காது. அதற்கு முதுகுத்தண்டில் வேறே ஊசி. இது பயத்துக்கு மட்டும்.

"அது எப்படி மேடம், பயத்தை மட்டும் பாத்து எடுக்குது?" என்று சோபனா ஒருநாள் கேட்டாள்.

பாகூர்க்காரரான கல்பனா, டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "எங்க ஏரியில மதகு பாத்திருக்கீங்களா? மூளைக்குள்ளயும் அந்த மாதிரி கோடிக்கணக்குல மதகு. தெறக்கறதுக்கு ஒடம்பே ஒரு ஆளைப் போட்டு வெச்சிருக்கு. அந்த ஆளு தெறந்தா நரம்பு குளுந்து அடங்கும். இந்த மருந்து மதகைத் தெறக்காது. தெறக்கிற ஆளுக்குக் கூட ஒரு கை குடுக்கும். அவ்ளோதான்."

"தானா தெறக்காதா?"

"தெறக்காது. அதான் இதோட நல்ல குணம், அளவுக்கு மேல போகாது. ஆனா நல்ல குணம்னு நம்பி நாம அந்தப் பக்கம் திரும்பி நின்னா, மூச்சு இந்தப் பக்கம் நின்னுடும். நல்ல மாடுதான், கயித்தை வுடக்கூடாது."

அந்தக் கயிற்றை அவர் விட்டு சோபனா பார்த்ததில்லை.

மறுநாள் காலை. பச்சையப்பனுக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்தாகிவிட்டது. அறுக்கும் இடத்தில் ரத்தம் கசியாதபடி தொடையில் காற்றுப்பட்டையைக் கட்டி இறுக்கினார்கள். கல்பனா மிடசோலம் ஒரு துளி கொடுத்தார். காத்திருந்தார். அவர் வழக்கம் அப்படி. கொடுப்பது கொஞ்சம், காத்திருப்பது நிறைய.

வழக்கமாக இந்நேரம் கண் சொருகியிருக்க வேண்டும். பச்சையப்பனோ கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, மீதிக் கரும்பை வெட்ட மில்லுல கட்டிங் ஆர்டரு இன்னும் வரலம்மா. கரும்பு காயுது. இந்தக் காலு வேற இப்பப் பாத்து ஒடையுது."

இன்னொரு துளி. பேச்சு குறையவில்லை. அறை குளிராக இருந்தும் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"டாக்டரம்மா, மேல எறும்பு சாரி சாரியாப் போவுதே, பாக்கலையா?"

எலும்பு டாக்டர் ராஜ்மோகன் முகமூடிக்குள் சிரித்தார். "என் தியேட்டர்ல எறும்பா? மேடம், இவரு ரேடியோ மாதிரி ஓடிட்டே இருக்காரு. கொஞ்சம் சத்தத்தைக் கொறைங்க."

கல்பனா சிரிக்கவில்லை. மேலே பார்த்தார். வெள்ளைக் கூரைதான் இருந்தது. நடுங்குகிற விரல்களைப் பார்த்தார்.

நேரம் போகப் போக, மரத்த தொடையிலும் காற்றுப்பட்டையின் இறுக்கம் கடிக்கத் தொடங்கியது. பச்சையப்பன் இடுப்பை அசைத்து அசைத்துப் படுத்தார். துளையிடும்போது ஆள் அசைந்தால் துளை தப்பிப்போகும். "மேடம், ப்ளீஸ்" என்றார் ராஜ்மோகன். கல்பனா இன்னும் கொஞ்சம், அப்புறம் இன்னும் கொஞ்சம் கொடுத்தார். மற்றவர்களுக்குக் கொடுப்பதைப் போல மூன்று மடங்கு உள்ளே போயிருந்தது. பச்சையப்பன் கரும்பு வெட்டு ஆட்களின் கூலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ போயும் பேசறாருன்னா..." என்று தொடங்கிய கல்பனா, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

கடைசித் திருகாணி இறங்கியது. துளைக்கிற சத்தம் ஓய்ந்தது. பட்டையைத் தளர்த்தினார்கள். இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த வலியும் சத்தமும் ஒரே நேரத்தில் போனதும், இரண்டு நாளாகத் தூங்காத உடம்பு பொத்தென்று உள்ளே விழுந்தது. "அப்பறம் அந்த மேஸ்திரி இன்னா சொன்னான்னா" என்ற பேச்சு அப்படியே அறுந்தது. ஒரு குறட்டை வந்தது. பிறகு குறட்டையும் இல்லை. மார்பு மட்டும் எக்கி எக்கி ஏறுகிறது, காற்று போகவில்லை. நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைத்துவிட்டது.

விரலில் மாட்டியிருந்த கருவியின் சுருதி இறங்கத் தொடங்கியது. ரத்தத்தில் பிராணவாயு குறையக் குறைய அதன் குரல் கீழே கீழே போகும். தியேட்டரில் வேலை செய்கிறவர்கள் அதைக் கேட்டதும் கைவேலையை விட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள்.

கல்பனா இரண்டு கைவிரல்களையும் அவர் தாடையின் இரு மூலையிலும் கொடுத்து, தாடையை மேலே தூக்கினார். உஸ்ஸென்று காற்று போயிற்று. சுருதி ஏறியது. வாயில் ஒரு குழாய் வைத்துப் பார்த்தார். பச்சையப்பன் ஓங்கரித்துக் குமட்டினார். வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குப் போகும், அதனால் உடனே எடுத்துவிட்டார். கையை விட்டதும் சுருதி மறுபடி சரிந்தது. மறுபடி தாடையைப் பிடித்தார்.

"எதுக்கு மேடம் கஷ்டப்படறீங்க?" என்றார் ராஜ்மோகன். "மாத்து மருந்துதான் இருக்கே. ஃப்ளூமாசெனில் குடுத்து எழுப்பிடுங்க. மணப்பட்டுலேர்ந்து ஒருத்தரு போட் இன்ஜின்ல விரலைக் குடுத்துட்டு வெளியில காத்துக்கிட்டு இருக்காரு."

அவர் சொன்னதில் தப்பில்லை. மிடசோலத்தை நிமிடத்தில் முறிக்கிற மருந்து அது. சோபனா அதற்குள் சின்னக் குப்பியைக் கையில் எடுத்து, உடைப்பதற்காக அதன் கழுத்தில் பஞ்சைச் சுற்றிவிட்டாள்.

"ஒடைக்காதீங்க சோபனா."

கல்பனாவின் குரல் உயரவில்லை. ஆனால் சோபனாவின் கை நின்றுவிட்டது.

"கூட ஒரு கைன்னு சொன்னேன்ல? இது அந்தக் கையைப் பிடிச்சு வெடுக்குனு இழுத்துடும். உங்களுக்கு எனக்குன்னா பரவாயில்ல, முழிச்சுக்குவோம். பல வருசமா அந்தக் கையை நம்பியே மதகு தெறந்து பழகுன ஒடம்பா இருந்தா? எல்லாம் ஒண்ணா மூடும். வலிப்பு வரும். வந்தா லேசுல நிக்காது. இப்பப் போட்ட பிளேட்டு, முதுகு, உசிரு, எதுக்கும் நான் உத்தரவாதம் இல்ல."

"இவருதான் மாத்திரையே தொடறதில்லையாமே" என்றார் ராஜ்மோகன். "குடியும் கெடையாது."

"அவர் அப்படித்தான் சொல்றாரு. அவரோட ஒடம்பு வேற சொல்லுது. மூணு பங்கு மருந்தைத் தாங்குது, வேர்க்குது, நடுங்குது, இல்லாத எறும்பைப் பாக்குது." கல்பனா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். அப்புறம் அவர் முகம் மாறியது. "எங்கப்பாகிட்ட குடிப்பீங்களான்னு கேட்டா, ச்சீன்னு சொல்வாரு. வெயில் காலத்துல தெனம் கள்ளு எறக்கிக் குடிச்சவரு. சோபனா, ஓடிப்போய் அந்தம்மாகிட்ட கேளுங்க. குடின்ற வார்த்தையே வேணாம். கள்ளு உண்டான்னு கேளுங்க. ரெண்டு நாள் இல்லாமப்போனா அவருக்கு இன்னா ஆவுதுன்னு கேளுங்க."

குப்பியைத் தட்டில் வைத்துவிட்டு ஓடும்போது சோபனாவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. அவள் அப்பா அல்போன்ஸும் அப்படித்தானே? தவக்காலம் நாற்பது நாளும் பிராந்தியை விட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, கள்ளுக்கடைப் பக்கம் போய் வருவார். வீட்டில் ஒருத்தரும் அதைக் குடியில் சேர்த்ததில்லை. அவளும்தான்.

வெளியே வள்ளியம்மாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். சோபனாவைப் பார்த்ததும் எழுந்தாள்.

"முடிஞ்சுதா சிஸ்டரு?"

"முடிஞ்சுதுக்கா. ஒரு விஷயம் கேக்கணும். ஐயா கள்ளு சாப்பிடுவாரா?"

"கள்ளா? ஆமா. காலையில ஒரு சொம்பு, வெயில் தாழ ஒரு சொம்பு. ஒடம்புக்குக் குளிர்ச்சியாச்சேம்மா. சூடத்துல அது சேராதே!"

"எந்தக் கள்ளு?"

"பனங்கள்ளுதான். ஓடைக்கு அந்தாண்ட இருக்குற கடைதான் வேணும் அவருக்கு. மத்த கடைக் கள்ளு அவருக்குப் புடிக்காது, தூக்கம் வரலன்னுவாரு. இவன் அடமழையிலயும் குடுப்பான்."

"ரெண்டு நாள் குடிக்கலன்னா?"

வள்ளியம்மாள் யோசித்தாள். "எங்க குடிக்காம இருக்காரு? எல்லையத் தாண்டுனாதான். செஞ்சி பக்கம் எங்க பொண்ணு செல்வகுமாரியக் குடுத்திருக்கோம். அங்க தமிழ்நாட்டுல கள்ளுக்குத்தான் தடையாச்சே, கடை ஏது? பேத்தி காதுகுத்துக்குப் போய்த் தங்குனோம். மொத நாளு நல்லா இருந்தாரு. அடுத்த நாளு கை நடுக்கம், சுவத்துல பூச்சி ஊருதுன்னாரு. மூணாம் நாளு பந்தியில உக்காந்தவரு அப்படியே வெட்டி வெட்டி இழுத்து விழுந்துட்டாரு." அவள் குரல் இறங்கியது. "பூசாரி பாத்துச் சொன்னாரு, அய்யனாரு எல்லையத் தாண்டி ராத்தங்கக் கூடாதுன்னு. அன்னையிலேர்ந்து பொண்ணு வூட்டுக்குப் போனா கடைசி பஸ்ஸுக்குத் திரும்பிடுவாரு. பேத்தி காலைக் கட்டிக்கிட்டு அழுவும். இன்னா பண்றது, சாமி உத்தரவு. ஏம்மா, இங்க எல்லைக்குள்ளதான இருக்கோம்?"

"உள்ளதான் இருக்கோம்க்கா. பயப்படாதீங்க" என்று அவள் தோளை அழுத்திவிட்டுச் சோபனா உள்ளே ஓடினாள்.

மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னாள். தாடையைப் பிடித்த கையை அசைக்காமல் கேட்டுக்கொண்டார் கல்பனா.

"அடமழையில பனங்கள்ளா?" என்றார். "பனை அப்ப சொரக்காதே. வெறுங்கள்ளு இப்படிப் பண்ணாது. அந்தக் கடைக்காரன் தூக்க மாத்திரையைக் கரைச்சு ஊத்தியிருக்கான், நம்ம மிடசோலத்துக்குப் பங்காளி அது. மாத்திரையே முழுங்க வராதுன்ற மனுசன், எட்டு வருசமாச் சொம்பு சொம்பா மாத்திரையக் குடிச்சிருக்காரு, பாவம்."

ராஜ்மோகன் தட்டில் கிடந்த குப்பியைப் பார்த்தார். கையுறையைக் கழற்றினார். மூலையிலிருந்த முக்காலியைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து கல்பனாவின் பின்னால் போட்டார். "நீங்க உக்காந்து பிடிங்க மேடம். மணப்பட்டு கேஸை நான் பக்கத்து ரூமுக்கு மாத்திக்கறேன்" என்று போனார்.

கல்பனா உட்கார்ந்தார். மாற்று மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அதைத் தொடாமல், ஒரு கரும்பு விவசாயியின் தாடையைத் தன் விரலால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளை பெற்றவள் குழந்தையின் தலையைத் தாங்குவாளே, அந்தப் பிடி. இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை. மருந்து தானாகத்தான் இறங்க வேண்டும். ரத்தத்திலிருந்து மெல்ல மெல்ல உடம்பின் கொழுப்புக்குள் போய்ப் பதுங்கும். ஈரல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கும். அதுவரை காற்றுக்கு வழி வேண்டும். அந்த வழி இப்போது நாலு விரல்.

"நான் கொஞ்ச நேரம் பிடிக்கட்டுமா மேடம்?"

"மூச்சை எண்ணுங்க. அது போதும். அப்பப்பப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

"ஐயா! பச்சையப்பன் ஐயா! கட்டிங் ஆர்டர் வந்துடுச்சு!" என்றாள் சோபனா.

இமை துடித்தது. கல்பனா சிரித்தார். "நல்லாத்தான் கூப்பிடறீங்க. இன்னொரு தடவ."

அவர் விரல் நுனி வெளுத்துப்போனதைச் சோபனா பார்த்தாள். முழங்கை நடுங்கத் தொடங்கியதையும் பார்த்தாள். சுருதி மட்டும் ஒருமுறைகூட இறங்கவில்லை. வார்டில் எத்தனையோ காயம் பார்த்தவள், ரத்தத்தை எல்லாம் பார்த்தவள். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கிற ஒருவரை விட்டுக் கண்ணை எடுக்க முடியாமல் அவள் நின்றது அன்றைக்குத்தான்.

கடைசியில் பச்சையப்பன் தானே வாயை மூடி, எச்சில் விழுங்கினார். கல்பனா ஒரு கையை எடுத்துப் பார்த்தார். மூச்சு சீராக வந்தது. அடுத்த கையையும் எடுத்தார்.

பச்சையப்பன் கண்ணைத் திறந்தார். "எப்ப டாக்டரம்மா ஆரம்பிப்பீங்க?"

"முடிஞ்சிடுச்சுங்க."

"முடிஞ்சுதா? நான் இன்னும் வாயே தெறக்கலியே!" என்றவர் முகத்தைச் சுளித்துக் கன்னத்தைத் தடவினார். "ஆமா, காலுக்குத்தான ஆப்ரேசன்? தாடை ஏன் இப்படி வலிக்குது?"

சோபனா வாயைத் திறந்தாள். கல்பனா கண்ணாலேயே அடக்கினார்.

அன்று சாயங்காலம், நடுக்கம் வலிப்பாக மாறிவிடாமல் இருக்க அவருக்கு மாத்திரை தொடங்கினார்கள். கல்பனா பக்கத்தில் நின்று விளக்கினார். வள்ளியம்மாளுக்கு எல்லாம் புரிந்தது. புரிந்ததும் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப எட்டு வருசமா நான் ஊர் பூரா பீத்திக்கிட்டது பொய்யாம்மா? சூடம் அடிச்ச கையாச்சே..."

"பொய் இல்ல வள்ளியம்மா. சாராயத்தை வுட்டது நெசந்தான். இது கடைக்காரன் பண்ண துரோகம், உங்க வூட்டுக்காரர் பண்ணது இல்ல. அதுக்கு அவன் பதில் சொல்லுவான், நான் கலால் ஆபீசுக்கு எழுதிப் போடறேன்."

"அப்ப இந்த மாத்திரையும் வேணாம்மா. இன்னையோட வுட்டுடட்டும். நாளைக்கே மறுபடி சூடம் அடிக்க வெக்கிறேன்."

"ஐயோ, அதான் கூடாது" என்று கல்பனா அவள் கையைப் பிடித்தார். "பனை உச்சியில இருக்கிற ஆளு குதிச்சா எறங்குவாரு? கை மாத்தி, கால் மாத்தித்தான எறங்குவாரு. அப்படித்தான் இதுவும். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைப்போம். தரைக்கு வந்தப்பறம் சூடம் அடிக்கட்டும்."

கட்டிலில் கிடந்த பச்சையப்பன் மெதுவாகக் கேட்டார், "அப்ப அய்யனாரு?"

"அய்யனாருக்கு உங்க மேல ஒரு கோவமும் இல்லைங்க."

மழை பிடித்துக்கொண்ட மாதத்தில் எக்ஸ்ரே எடுக்க வந்தவர்கள், சோபனாவைப் பார்க்கத் தியேட்டர் வாசலுக்கும் வந்தார்கள். பச்சையப்பன் கைத்தடி இல்லாமல் நடந்தார். விரலை விரித்துக் காட்டினார், நடுக்கம் இல்லை. செஞ்சிப் பக்கம் போய்ப் பேத்தியோடு நாலு ராத்திரி தங்கிவிட்டு வந்தாராம். மூணாவது ராத்திரி பூரா வள்ளியம்மாள் விழித்து உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். குறட்டையைத் தவிர வேறு ஒன்றும் வரவில்லையாம்.

"இப்ப இன்னாடான்னா, வூட்டுக்கு வாய்யான்னா வர மாட்டேங்கறாரு" என்று அவள் சலித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் சிரிப்பு.

"அது கெடக்கட்டும்" என்றார் பச்சையப்பன். "தங்கச்சி, அன்னைக்குக் கேட்டேன், யாரும் சொல்லல. ஆப்ரேசன் முடிஞ்சு ஒரு வாரம் வலிச்சுதே இந்தத் தாடை, அது ஏன்?"

சோபனா தியேட்டர் கதவின் கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கல்பனா அடுத்த ஆளின் தலைமாட்டில், ஊசியைக் கையில் பிடித்தபடி, ஒரு துளி கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

"இங்க வாங்கய்யா" என்று சோபனா அவர் கையைப் பிடித்து, கதவுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனாள். "அதோ நிக்கிறாங்க பாருங்க. அந்தக் கை."